இரண்டாம் புத்தகத்தின் மூன்று விரல்கள்

ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம். சிலருக்கு இது காலைக் காப்பி நேரம், சிலருக்கு நடுச்சாமம். ஆகவே முன்னுரையை நீட்டாமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று நான் எடுத்துக்கொண்டது பதின்பருவத்தினருக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு நாவல். சுசான் காலின்ஸ் எழுதிய ‘கேட்சிங் ஃபயர்’. ‘ஹங்கர் கேம்ஸ்’ வரிசையின் இரண்டாவது புத்தகம். உங்களில் பலருடைய வீட்டில் இது இருக்கும். பிள்ளைகளின் அலமாரியில் இருக்கும். “சின்னப் பிள்ளைகள் படிக்கிற சண்டைக் கதை” என்று நாம் அதைத் திறந்திருக்க மாட்டோம். வரலாற்றைப் பேசும் மேடையில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் சொல்வேன். இந்த நாவல் ரோமாபுரியின் வரலாற்றை அடித்தளமாகக் கொண்டு எழுதப்பட்டது. அது முதல் காரணம். இரண்டாவது, எழுதி முடித்த பிறகு நாவலே வரலாற்றுக்குள் நுழைந்துவிட்டது. தாய்லாந்திலும் மியான்மரிலும் மக்கள் அதிலிருந்து ஒரு சைகையை எடுத்துக்கொண்டு வீதிக்கு வந்தார்கள், அதற்காகக் கைதானார்கள். ரோமிலிருந்து பாங்காக்குக்குப் போகும் இந்த வழியில் நடுவில் நிற்பது இரண்டாம் புத்தகம்தான்.

முதலில் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. பானெம் என்றொரு வருங்கால நாடு. இன்றைய வட அமெரிக்கா அழிந்த இடத்தில் எழுந்தது. நடுவில் செல்வம் கொழிக்கும் தலைநகர். சுற்றிலும் 12 மாவட்டங்கள். ஒன்று நிலக்கரி வெட்டும், ஒன்று மீன் பிடிக்கும், ஒன்று துணி நெய்யும், ஒன்று பயிர் விளைவிக்கும். எல்லாம் தலைநகருக்குப் போகும். முன்னொரு காலத்தில் மாவட்டங்கள் கிளர்ந்தெழுந்து தோற்றன. அதற்குத் தண்டனையாக ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு ஓர் ஆண்பிள்ளை, ஒரு பெண்பிள்ளை என 12 முதல் 18 வயதுக்குட்பட்ட 24 பேரைக் குலுக்கலில் எடுத்து, ஒரு களத்தில் விட்டு, ஒருவர் மிஞ்சும் வரை ஒருவரை ஒருவர் கொல்லச் சொல்வார்கள். நாடு முழுக்க அது நேரலையாக ஒளிபரப்பாகும். பார்ப்பது கட்டாயம்.

2008 இல் வந்த முதல் புத்தகத்தில், 12 ஆம் மாவட்டத்துப் பெண் காட்னிஸ் எவர்டீன் தன் தங்கைக்குப் பதிலாகத் தானே முன்வந்து களத்துக்குப் போகிறாள். கடைசியில் அவளும் அதே மாவட்டத்துப் பையன் பீட்டாவும் மட்டும் மிஞ்சுகிறார்கள். ஒருவர் மற்றவரைக் கொல்ல வேண்டும். இருவரும் நச்சுப் பழங்களைக் கையில் எடுக்கிறார்கள். சாவதென்றால் சேர்ந்தே சாகிறோம் என்பதுதான் அதன் பொருள். வெற்றியாளரே இல்லாமல் ஆட்டம் முடிந்துவிடுமே என்று அஞ்சி, நடத்துபவர்கள் இருவரையும் பிழைக்க விடுகிறார்கள்.

கதை இங்கே முடிந்திருக்கலாம், பலருக்கு முடிந்தும் விட்டது. 2009 செப்டம்பரில் வந்த ‘கேட்சிங் ஃபயர்’ கேட்பது வேறு கேள்வி. பிழைத்தாகிவிட்டது, சரி, பிறகு? உயிர் காக்க ஒருத்தி செய்த காரியத்தை ஊர் எப்படிப் புரிந்துகொண்டது? அதை அரசாங்கம் எப்படிப் புரிந்துகொண்டது? வரலாற்றாசிரியர்கள் கேட்கும் கேள்வியும் இதுதான். சம்பவத்தைச் சொல்வது சுலபம். அந்தச் சம்பவம் எப்படி ஓர் அடையாளமாக மாறியது என்று சொல்வதுதான் கடினம்.

காலின்ஸ் 1962 இல் பிறந்தவர். தந்தை அமெரிக்க விமானப்படை அதிகாரி, வரலாறு கற்பித்தவர். காலின்ஸ் சிறுமியாக இருந்தபோது தந்தை வியட்நாம் போருக்குப் போனார். வீட்டில் போர் என்பது தொலைக்காட்சியில் வருவது மட்டுமல்ல, அப்பா இருக்கும் இடமும் அதுதான். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் இரவு அவர் தொலைக்காட்சி அலைவரிசைகளை மாற்றிக்கொண்டிருந்தார். ஒன்றில் இளைஞர்கள் போட்டியிடும் ரியாலிட்டி நிகழ்ச்சி, இன்னொன்றில் இராக் போர்க் காட்சிகள். இரண்டும் ஒன்றோடொன்று கலந்த அந்தக் கணத்தில்தான் கதை பிறந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆண்டுதோறும் பிள்ளைகளைக் காவு கொடுக்கும் கருவை அவர் கிரேக்கத் தொன்மத்திலிருந்து எடுத்தார். ஏதென்ஸ் நகரம் ஏழு இளைஞர்களையும் ஏழு கன்னியரையும் கிரீட் தீவின் மினோட்டாருக்கு இரையாக அனுப்பும் கதை அது. களம் ரோமிலிருந்து வந்தது. நாயகியின் பாதை ஸ்பார்ட்டகஸிடமிருந்து வந்தது.

ரோமை எடுத்துக்கொள்வோம். பானெம் என்ற பெயரே லத்தீன், பொருள் ரொட்டி. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய அங்கதக் கவிஞர் ஜுவெனல், ஒரு காலத்தில் ஆட்சியாளர்களைத் தேர்ந்தெடுத்த ரோம மக்கள் இப்போது ரொட்டிக்கும் தேர்ப்பந்தயத்துக்கும் மட்டுமே கவலைப்படுகிறார்கள் என்று எள்ளினார். அந்த எள்ளலிலிருந்து வந்ததுதான் நாட்டின் பெயர்.

ஆனால் அது வெறும் எள்ளல் அல்ல, அதற்குப் பின்னால் ஒரு நிர்வாகமே இருந்தது. கி.மு. 123 இல் கையஸ் கிராக்கஸ் ரோமக் குடிமக்களுக்குக் குறைந்த விலையில் தானியம் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். கி.மு. 58 இல் குளோடியஸ் அதை இலவசமாக்கினார். அகஸ்டஸ் காலத்தில் சுமார் 2,00,000 பேர் இதைப் பெற்றார்கள். நம் ஊர் ரேஷன் கடை ஞாபகம் வருகிறதா? ஒரு வேறுபாடு உண்டு. அந்தத் தானியம் ரோமில் விளைந்ததல்ல. சிசிலி, வட ஆப்பிரிக்கா, எகிப்து ஆகிய மாகாணங்களிலிருந்து கப்பலில் வந்தது. சிசிலியின் பண்ணைகளில் உழைத்த அடிமைகள் கி.மு. 135 இல் கிளர்ந்தெழுந்து, மூன்று ஆண்டுகள் போரிட்டு, அழிக்கப்பட்டார்கள். தலைநகரின் இலவச ரொட்டிக்குப் பின்னால் மாகாணத்தின் வயிறு இருந்தது. நாவலில் பயிர் விளைவிக்கும் 11 ஆம் மாவட்டத்தில் பட்டினி இருப்பதும் இப்படித்தான்.

இன்னொரு நுட்பமான சொல் உண்டு. நாவலில் ஏழைப் பிள்ளைகள் குலுக்கலில் தங்கள் பெயரைக் கூடுதலாக ஒரு முறை எழுதிப் போட்டால், ஓராண்டுக்கு ஓர் ஆளுக்கான தானியமும் எண்ணெயும் கிடைக்கும். அந்த வில்லைக்கு டெஸரா என்று பெயர். ரோமில் தானிய வினியோகத்துக்குப் பயன்பட்ட வில்லையின் பெயரும் அதுவே. பசிக்கும் சாவுக்கும் ஒரே சீட்டு. இதைப் பள்ளிப் பிள்ளை கதையாகப் படித்துவிட்டுப் போய்விடும். நமக்கு அந்தச் சொல்லின் வரலாறு தெரிந்தால் வேறு மாதிரி உறைக்கும்.

இரண்டாம் புத்தகத்தில் தலைநகரின் விருந்து ஒன்று வருகிறது. மேசை மேசையாக உணவு. வயிறு நிறைந்தவர்களுக்குச் சிறு கோப்பையில் ஒரு பானம் தருகிறார்கள். குடித்தால் வாந்தி வரும், பிறகு மறுபடியும் சாப்பிடலாம். காட்னிஸுக்குத் தன் ஊரில் பசியால் ஒடுங்கிய பிள்ளைகளின் நினைவு வருகிறது. ரோமத் தத்துவவாதி செனெக்காவும் தன் காலத்துப் பணக்காரர்களை இதே குற்றச்சாட்டோடு கடிந்திருக்கிறார். ஆனால் ரோமில் வாந்தியெடுக்கத் தனி அறைகள் இருந்தன என்று பலர் சொல்வது தவறு. அந்த லத்தீன் சொல் களியரங்கிலிருந்து கூட்டம் வெளியேறும் வாசல்களைக் குறிப்பது. பார்வையாளர்களை உமிழும் வாசல்!

இப்போது இரண்டாம் புத்தகத்தின் மையத்துக்கு வருகிறேன். ஆட்டத்தின் 75 ஆம் ஆண்டு. 25 ஆண்டுகளுக்கு ஒரு முறை சிறப்பு விதி உண்டு. இந்த முறை குலுக்கல் பழைய வெற்றியாளர்களுக்குள் மட்டும். இனி வாழ்நாள் முழுவதும் தொல்லையில்லை என்று வாக்குக் கொடுக்கப்பட்டவர்கள் மறுபடியும் களத்துக்குப் போக வேண்டும். 12 ஆம் மாவட்டத்தில் உயிரோடிருக்கும் ஒரே பெண் வெற்றியாளர் காட்னிஸ். ஆக அவள் பெயரைக் குலுக்கவே தேவையில்லை.

களத்துக்கு முந்தைய இரவு ஒரு பேட்டி நடக்கிறது. அதன் முடிவில் 24 பேரும் மேடையில் கைகோர்த்து நிற்கிறார்கள். மாவட்டங்கள் ஒன்றாக நிற்பதை நாடு பார்த்துவிடுகிறது. உடனே ஒளிபரப்பை அணைக்கிறார்கள். அதற்குள் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ரோம வரலாற்றின் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வரும். காலின்ஸ் இதை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கி.பி. 52. பேரரசர் குளோடியஸ், இத்தாலியின் ஃபூசினஸ் ஏரியை வடிக்கச் சுரங்கக் கால்வாய் வெட்டி முடித்தார். வடிப்பதற்கு முன்பு ஏரியில் ஒரு கடற்போரை நடத்திக் காட்ட விரும்பினார். மரண தண்டனைக் கைதிகளைக் கப்பல்களில் ஏற்றினார்கள். 19,000 பேர் என்கிறார் டாசிட்டஸ். யாரும் தப்பிவிடாதபடி ஏரியைச் சுற்றி மிதவைகள், அவற்றின் மேல் படைவீரர்கள், எறிபொறிகள். கரையிலும் குன்றுகளிலும் கூட்டம். பேரரசர் படைத்தலைவரின் மேலங்கியில், பட்டத்தரசி அக்ரிப்பினா பொன்னிழை ஆடையில்.

சூட்டோனியஸ் மேலும் ஒரு செய்தியைச் சொல்கிறார். சாகப் போகிறவர்கள் வணங்குகிறோம் என்று கைதிகள் கூவினார்கள். குளோடியஸ் ஏதோ வேடிக்கையாக, சாகாமலும் இருக்கலாம் என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், கைதிகள் சண்டை போட மறுத்துவிட்டார்கள். பேரரசரே மன்னித்துவிட்டார், இனி எதற்குச் சண்டை என்றார்கள். குளோடியஸுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எல்லோரையும் கொன்றுவிடலாமா என்று யோசித்தார். கடைசியில் இருக்கையை விட்டு எழுந்து, தள்ளாடும் காலோடு ஏரிக்கரையில் ஓடி ஓடி, மிரட்டியும் ஆசைகாட்டியும் அவர்களைச் சண்டையிட வைத்தார்.

உலகத்தையே ஆண்டவன் கைதிகளிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. ஆட்டம் நடப்பதற்கு ஆடுகிறவனின் சம்மதமும் தேவை என்பது சில நிமிடங்களுக்கு வெளியே தெரிந்துவிட்டது. பிறகு சண்டை நடந்தது, இரத்தம் சிந்தியது. நன்றாகப் போரிட்டார்கள் என்று மிஞ்சியவர்களை விட்டுவிட்டார்கள். அந்த மறுப்பு கிளர்ச்சியாக வளரவில்லை. கரையில் இருந்தவர்கள் யாரும் அவர்களோடு சேரவில்லை, கப்பல்களில் இருந்தவர்களிடம் திட்டமும் இல்லை.

திட்டமும் துணையும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதற்கு முன்பே ஓர் உதாரணம் உண்டு. கி.மு. 73 இல் காப்புவா நகரத்துக் களவீரர் பயிற்சிக் கூடத்திலிருந்து, சமையல்கட்டுக் கத்திகளையும் இறைச்சிக் கம்பிகளையும் பிடுங்கிக்கொண்டு எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் தப்பினார்கள். தலைவர்களில் ஒருவர் ஸ்பார்ட்டகஸ். அந்தச் சிறு கூட்டம் பல்லாயிரம் அடிமைகளின் படையாக வளர்ந்து இரண்டு ஆண்டுகள் ரோமப் படைகளைத் தோற்கடித்தது. கி.மு. 71 இல் க்ராஸஸ் அதை முறியடித்து, பிடிபட்ட 6,000 பேரைக் காப்புவாவிலிருந்து ரோம் வரையிலான சாலையோரம் சிலுவையில் அறைந்தார். ஸ்பார்ட்டகஸைப் பற்றி நமக்கு விரிவாகச் சொன்னவர்களில் ஒருவர் புளூட்டார்க். ‘கேட்சிங் ஃபயர்’ நாவலில் ஆட்டத்தை நடத்தும் தலைமை அதிகாரியாக இருந்துகொண்டே கிளர்ச்சிக்காரர்களுக்கு உதவுகிறவரின் பெயரும் புளூட்டார்க். அடிமையாகி, களவீரராகி, கிளர்ச்சியாளராகி, போரின் முகமாக மாறும் பாதையை மூன்று புத்தகங்களுக்கும் காலின்ஸ் எடுத்துக்கொண்டார். களவீரரிலிருந்து கிளர்ச்சியாளராகும் கண்டம் இரண்டாம் புத்தகம்.

ஆனால் காட்னிஸ் ஸ்பார்ட்டகஸ் அல்ல. அவளுக்குத் திட்டம் எதுவும் தெரியாது. களத்தில் பாதிப் பேர் அவளைக் காப்பாற்றத் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்திருப்பதும், வானிலிருந்து வந்து இறங்கும் ரொட்டிகளின் மாவட்டமும் எண்ணிக்கையும் மீட்புக்கான நாளையும் மணியையும் சொல்லும் சங்கேதம் என்பதும் கடைசிப் பக்கங்களில்தான் அவளுக்குத் தெரிகிறது. பசியின் நாட்டில் ரொட்டியே கடிதமாகிறது. கிளர்ச்சிக்கு அவள் முகம் தேவைப்பட்டது, அவளிடம் யாரும் கேட்கவில்லை. புத்தகம் முடியும்போது அவளுடைய ஊரே இல்லை, குண்டு போட்டு அழித்துவிட்டார்கள்.

இனி அந்த மூன்று விரல்கள். இடது கையின் நடு மூன்று விரல்களை உதட்டில் வைத்து, பிறகு முன்னே நீட்டுவது 12 ஆம் மாவட்டத்தின் பழைய வழக்கம். இறுதிச் சடங்குகளில் எப்போதாவது காணப்படுவது. நன்றி, மதிப்பு, அன்புக்குரியவருக்கு விடை என்பதே பொருள். முதல் புத்தகத்தில் களத்தில் இறந்த ரூ என்ற 11 ஆம் மாவட்டத்துச் சிறுமிக்கு காட்னிஸ் இந்த மரியாதையைச் செய்கிறாள். இரண்டாம் புத்தகத்தில் வெற்றிச் சுற்றுலாவாக அவள் அதே 11 ஆம் மாவட்டத்துக்குப் போகிறாள். ரூவின் குடும்பம் மேடைக்கு எதிரே நிற்கிறது. காட்னிஸ் நன்றி சொல்கிறாள். கூட்டத்திலிருந்து ஒரு முதியவர் ரூவின் நான்கு சுரங்களைச் சீட்டியடிக்கிறார். கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் மூன்று விரல்களை நீட்டுகிறது. சில நிமிடங்களில் காவலர்கள் அந்த முதியவரை இழுத்துவந்து தலையில் சுடுகிறார்கள்.

அவள் செய்ய நினைத்தது நன்றி சொல்வது மட்டும். விலையைக் கொடுத்தது அந்த முதியவர். அவருக்குப் புத்தகத்தில் பெயர்கூட இல்லை. என் வாசிப்பில் இந்த வரிசையின் மிக முக்கியமான பாத்திரம் அவர்.

2014 மே 22 அன்று தாய்லாந்தில் ராணுவத் தளபதி பிரயுத் சான் ஓச்சா ஆட்சியைக் கைப்பற்றினார். ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ அரசியல் நோக்கத்தோடு கூடக் கூடாது என்று தடை. மக்கள் தனியாக நின்று ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலைப் படித்தார்கள், சாண்ட்விச் சாப்பிட்டார்கள், மூன்று விரல்களை உயர்த்தினார்கள். என்ன அர்த்தம் என்று கேட்டபோது சிலர் பிரெஞ்சுப் புரட்சியின் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்றார்கள். ஜூன் மாதத் தொடக்கத்திலேயே, கூட்டமாக நின்று விரல்களை உயர்த்தினால் கைது என்று ராணுவம் எச்சரித்தது. நாவல் அரசாங்கத்தையும் நன்றாகப் படிக்க வைத்துவிட்டது!

நவம்பர் 19 அன்று கோன் கேன் நகரில் பிரயுத் பேசிக்கொண்டிருந்த மேடைக்கு முன்னால் ஐந்து மாணவர்கள் மூன்று விரல்களை உயர்த்தி நின்றார்கள். உடனே பிடித்துச் செல்லப்பட்டார்கள். மறுநாள் அந்த வரிசையின் அடுத்த திரைப்படம் பாங்காக்கில் வெளியானபோது, திரையரங்குக்கு வெளியே விரல் உயர்த்திய மாணவர்களும் பிடிபட்டார்கள். ஐவரில் ஒருவரான ஜதுபத் பூன்பத்தராரக்சா பின்னர் 2017 இல், புதிய அரசரைப் பற்றிய ஒரு செய்திக் கட்டுரையைப் பகிர்ந்ததற்காக இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். 2020 ஆகஸ்டில் தாய்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள் காலையில் தேசிய கீதத்துக்கு நிற்கும் வரிசையில் அதே மூன்று விரல்களை உயர்த்தினார்கள். நாவல் யாருக்காக எழுதப்பட்டதோ அந்த வயதினர்.

2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சில நாட்களிலேயே மருத்துவமனைகளில் மருத்துவர்களும் செவிலியர்களும் மூன்று விரல்களோடு நின்றார்கள். 9 ஆம் தேதி நேப்பிடோவில் சுடப்பட்ட ஓர் இளம்பெண் பத்து நாள் கழித்து இறந்தார், வயது 20. 26 ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையில் மியான்மரின் தூதர் சோ மோ துன், தன் நாட்டு ராணுவத்துக்கு எதிராகப் பேசி, முடிவில் மூன்று விரல்களை உயர்த்தினார். மறுநாள் ராணுவம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியதாக அறிவித்தது.

ஒரு கேள்வி என்னை விடவில்லை. இப்படி ஒரு சைகையை நாவலிலிருந்து எடுப்பது விளையாட்டுத்தனம் இல்லையா? உயிர் போகும் இடத்தில் சினிமாவா? சிலர் அப்படிச் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. தடை செய்யப்பட்ட கட்சிக் கொடியைப் பிடிக்க முடியாத இடத்தில், எல்லோருக்கும் தெரிந்த, எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத ஓர் அடையாளம் வேண்டியிருக்கிறது. விரல் எல்லோரிடமும் இருக்கிறது. செலவில்லை, ஒளித்துவைக்கத் தேவையில்லை. இரண்டாம் புத்தகத்தைப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அதை உயர்த்தினால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்தே அந்தப் புத்தகம் சொல்லியிருக்கிறது. அந்த முதியவரைப் படித்த பிறகும் கையை உயர்த்தியவர்கள், அறியாமல் உயர்த்தியவர்கள் அல்லர்.

விளையாட்டுத்தனம் வேறு பக்கம் இருந்தது. 2013 இல் இரண்டாம் புத்தகம் திரைப்படமானபோது, கதையில் வில்லத்தனத்தின் அடையாளமாக வரும் தலைநகரின் ஆடம்பர ஒப்பனையையே ஒரு நிறுவனம் அழகுசாதன வரிசையாக விற்றது. நாவல் எதைக் கண்டித்ததோ அதுவே கடையில் பொருளானது.

பார்ப்பவர்கள் என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். இந்தப் புத்தகத்தில் பார்வையாளர்கள் இரண்டு வகை. கட்டாயத்தால் பார்க்கும் மாவட்டத்து மக்கள், ஆசையால் பார்க்கும் தலைநகரத்து மக்கள். தலைநகரத்தார் அரக்கர்கள் அல்லர். அழுகிறார்கள், பிடித்த வீரருக்குப் பணம் அனுப்புகிறார்கள், பிறகு விருந்துக்குப் போகிறார்கள். ஊரை விட்டு வெகுதூரம் வந்து, ஊரில் நடந்ததைத் திரையில் பார்த்து, அழுது, பணம் அனுப்பி, மறுநாள் வேலைக்குப் போனவர்கள் நம்மிலும் உண்டு. நம்மைத் தலைநகரத்தார் என்று சொல்லவில்லை, நாம் பார்த்தது நம் உறவுகளை. ஆனாலும் அந்த விருந்துக் காட்சியைப் படிக்கையில் ஒரு கூச்சம் வருகிறது. அது வரட்டும் என்றே நினைக்கிறேன்.

கிறித்தவ வரலாற்றாசிரியர் தியோடரெட் சொல்லும் ஒரு செய்தியோடு முடிக்கிறேன். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பேரரசர் ஹொனோரியஸ் காலத்தில், டெலமாக்கஸ் என்ற துறவி கிழக்கிலிருந்து ரோமுக்கு வந்தார். களியரங்கில் நடந்த சண்டையைப் பார்த்தார். இருக்கையிலிருந்து இறங்கிக் களத்துக்குள் போய், சண்டையிட்டவர்களைத் தடுத்தார். ஆட்டம் கெட்டுவிட்டதே என்று பார்வையாளர்கள் அவரைக் கல்லெறிந்து கொன்றார்கள். அதைக் கேட்ட பேரரசர் அந்தச் சண்டைகளை நிறுத்தினார் என்கிறார் தியோடரெட். கொன்றது களவீரர்கள் அல்ல, பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

உங்கள் பிள்ளையின் அலமாரியில் இந்த இரண்டாம் புத்தகம் இருந்தால் ஒரு வாரத்துக்கு வாங்கிப் படியுங்கள். படித்துவிட்டு, சீட்டியடித்த அந்த முதியவரைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். பிள்ளைகளிடம் நல்ல பதில்கள் இருக்கும். இனி உங்கள் கேள்விகள்.